தோற்க வேண்டியவன்

அத்தியாயம் 9

பேராசிரியர் றெமிஜியஸைக் கொல்ல ஒரே ஒரு அடி போதுமாயிருந்தது. விழுந்தது ஏழு. மிச்ச ஆறும் எதற்கு என்று பொலிஸ் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் ரஸீனின் இரண்டு விலா எலும்புகள் அன்றைக்குத் தப்பியிருக்கும்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதே முக்கால். கனடாவின் மில்ரோஸ் பல்கலைக்கழகத்துக் கார் தரிப்பிடத்தில், பாதி உருகிய பனிச் சேற்றுக்கு நடுவே நின்ற காருக்குள், ரஸீனின் மடியில் லப்ரொப் திறந்திருந்தது. பக்கத்துச் சீற்றில் மக்டலீன். மல்வேர்னில் ஒரு பல் வைத்தியரின் அறைக்கு மேல்மாடியில் இருபது வருடமாகத் துப்பறியும் தொழில் நடத்துகிறவர். ஐம்பத்தைந்து வயது, வீங்கிய வலது முழங்கால், ஒருவரையும் லேசில் நம்பாத கண். ரஸீன் அவருடைய உதவியாளன். யாழ்ப்பாணத்துச் சோனகதெருவில் பிறந்து, புத்தளத்தில் வளர்ந்து, நானூற்றியொன்று நெடுஞ்சாலையில் பதினைந்து வருடம், பழுதான கார்களை இழுத்துப் போகும் ரோ ட்ரக் ஓட்டிவிட்டு, கடைசியில் மக்டலீனிடம் வந்து மாட்டிக்கொண்டவன்.

"இன்னொருக்காப் போடு" என்றார் மக்டலீன்.

"அக்கா, இது நாலாம் தரம். நான் காலமைச் சாப்பாடு சாப்பிட்டிட்டன்."

"போடு எண்டுறன்."

திரையில் தெரிந்தவை மனிதர்கள் இல்லை, பொட்டுகள். றெமிஜியஸின் ஆய்வுகூடம் ஜப்பானிய வாள்வித்தையை ஆராயும் இடம். உடம்பெல்லாம் ஒளிப்பொட்டு ஒட்டிய கறுப்பு உடுப்பைப் போட்டுக்கொண்டு இரண்டு பேர் மரவாளால் மோதுவார்கள். சுவரிலுள்ள கமராக்கள் அந்தப் பொட்டுகளின் அசைவை மட்டும் பதியும். முகமும் வராது, குரலும் வராது. கொம்பியூட்டர் அவர்களுக்கு வைத்த பெயர் ஆள் ஒன்று, ஆள் இரண்டு.

பதினொரு தடவை ஒரே மாதிரியே நடந்தது. ஆள் ஒன்று வாளை ஓங்கிக்கொண்டு வரும். ஆள் இரண்டு விலகித் திருப்பி வெட்டும். வெட்டு, ஆள் ஒன்றின் கழுத்துக்கோ மணிக்கட்டுக்கோ ஒரு விரல் இடைவெளியில் வந்து நிற்கும். இருவரும் குனிந்து வணங்கிவிட்டு மறுபடி தொடங்குவார்கள்.

பன்னிரண்டாவதுக்கு முன்னால் இருவரும் வாளை இறக்கினார்கள். ஆள் ஒன்றின் கை எதையோ கேட்பதுபோல நீண்டது. ஆள் இரண்டின் தலை இடமும் வலமும் ஆடியது. பிறகு அது முதுகைத் திருப்பிக்கொண்டு நடந்தது. ஆள் ஒன்று பின்னால் வந்து அடித்தது.

முதல் அடியிலேயே தலைப் பொட்டுகள் தெறித்துப் பறந்தன. இரண்டு குப்புற விழுந்தது. அதற்குப் பிறகு ஆறு அடி, கூடாரத்துக்கு முளை அறைவதுபோல அவசரமில்லாமல், ஒவ்வொன்றுக்கும் நடுவில் மூச்சு வாங்கி. எல்லாம் முடிந்ததும் ஆள் ஒன்று முழந்தாளிட்டு நாலு நிமிடம் இருந்தது. பிறகு அதன் பொட்டுகள் ஒவ்வொன்றாக அணைந்தன. ஆள் உடுப்பைக் கழற்றுகிறது என்று அர்த்தம்.

ரஸீன் லப்ரொப்பை மூடினான். நெடுஞ்சாலையில் நசிந்த கார்களிலிருந்து ஆட்களை இழுத்துப் போட்டவன்தான். அது விபத்து, இது அப்படியில்லை.

"பொலிஸின்ரை கதை தெரியுமெல்லே" என்றார் மக்டலீன். "செத்த ஆள், ஆள் இரண்டு. பின்னேரம் முழுக்க வெண்டதும் அதுதான். வெல்லுறவர்தானே மாஸ்டர், அப்ப தோத்தது அவரிட்டைப் படிக்கிற ஆள். தோத்துத் தோத்து விசர் பிடிச்ச மாணவி அடிச்சுப்போட்டாள். ஆள் ஒண்டின்ரை உயரம் அஞ்சடி மூண்டு, துர்க்காவும் அஞ்சடி மூண்டு. அடிச்ச மரவாளும் அவளின்ரை. போன கிழமை ஆய்வைப் பற்றி அவரோடை சண்டையும் பிடிச்சவள்."

"தரையையும் வடிவாத் துடைச்சுப்போட்டுப் போனவளாம். என்ரை மூத்தவள் குடிச்ச கோப்பை கழுவமாட்டாள். உந்த வயசுப் பிள்ளை கொலை செய்துபோட்டு மொப் அடிச்சவள் எண்டா நான் நம்பமாட்டன் அக்கா."

மக்டலீன் சிரிக்கவில்லை. முதல்நாள் தடுப்பு நிலையத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து துர்க்கா சொன்னது அவர் காதிலேயே நின்றது. 'அன்ரி, நான் ஆறு மணிக்கே வெளிக்கிட்டிட்டன். றெமிஜியஸ் சேர்தான், இன்னொராள் வாறார் எண்டு என்னை அனுப்பினவர். ஆரெண்டு சொல்லேல்லை.' துர்க்காவின் தாய் ரதி, அஜக்ஸ் நகரில் பண்டகசாலை வேலை செய்கிறவர், மக்டலீனின் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றையே சொன்னார்: 'என்ரை பிள்ளையின்ரை பேரையும் படத்தையும் போட்டிட்டாங்கள்.' இன்று இரண்டு மணிக்குப் பிணை விசாரணை. இன்றைக்குத் தவறினால் வழக்கு முடியும்வரை அந்தப் பிள்ளை உள்ளேதான்.

"இறங்கு" என்றார் மக்டலீன். "பொலிஸ் பொட்டைப் பாத்துது. நாங்கள் ஆக்களைப் பாப்பம்."

மூன்றாம் மாடி நடைவழியை ஒரு குள்ளமான மெலிந்த மனிதர் துடைத்துக்கொண்டிருந்தார். பனி உருக வெளியில் தூவிய உப்பு சப்பாத்தில் ஏறி வந்த கறை முழுக்க அவர் மொப்பில் போனது. பேர் றொய்சன், இந்தக் கட்டடத்தின் கிளீனர். பயிற்சி மண்டபத்துச் சாவியும் அவர் இடுப்பில்தான் தொங்கியது.

"தம்பி, சப்பாத்தைக் கழட்டுங்கோ. இப்பதான் துடைச்சனான்."

"கழட்டுறன் அண்ணை. என்ரை சொக்ஸைப் பாத்தா திரும்பப் போடச் சொல்லுவியள். ஊரிலை எவடம்?"

"பாசையூர்."

"புரொபெசர் எப்பிடி ஆள்?"

"பெரிய மனிசன்." றொய்சன் மொப்பைப் பிழிந்தார். "நான் தரை துடைக்கிறவன். எனக்கென்ன தெரியும்."

கொலை நடந்த ஆய்வுகூடத்தைப் பொலிஸ் பூட்டிவைத்திருந்தது. பக்கத்துப் பயிற்சி மண்டபத்துக்குள் எட்டுப் பேர் மரவாளோடு நின்றார்கள். கண்கள் சிவந்திருந்தன. செத்த ஆசிரியருக்காக அவர்கள் அழுத விதம் அது, காலை ஏழு மணியிலிருந்து வாள் வீசுவது. தலைமை மாணவன் வினோதன், முப்பத்துமூன்று வயது, இங்கே பிறந்தவன், வாசலுக்கு வந்தான்.

"அன்ரி, சொறி, உள்ளுக்கு நிண்டு கதைக்கேலாது. ப்ரக்ரிஸ் செய்யிற ஆக்கள் மட்டும்தான். இற்ஸ் த ரூல். முடியக் கதைக்கிறன், ப்ரொமிஸ்."

"எனக்கு முழங்கால் ஏலாது" என்றார் மக்டலீன் உடனே. "உவர் செய்வார்."

"நானோ?" என்றான் ரஸீன். அதற்குள் அவன் கையில் ஒரு மரவாள் இருந்தது.

அவனுக்கு ஒரே ஒரு கட்டாவைத்தான் பழக்கினார்கள். கட்டா என்றால் முன்கூட்டியே எழுதிவைத்த சண்டை. வாளைத் தாழ்த்திப் பிடித்து, தலையைத் திறந்து காட்டிக்கொண்டு நிற்கவேண்டும். எதிராளி நேரே உச்சந்தலைக்கு அடித்துக்கொண்டு வருவான். வலப்பக்கம் ஒரு எட்டு வைத்து அவன் மணிக்கட்டில் வெட்டவேண்டும். படாமல் நிறுத்துவது மரியாதை, தரையில் கிடக்கும் வாளைத் தாண்டாததும் மரியாதை. ரஸீனுக்கு மரியாதை கைக்கு வர நேரம் எடுத்தது. மூன்றாம் தரம் வினோதனின் விரல் கணு வெடித்து, மண்டபத் தரையில் நாலு சொட்டு இரத்தம் விழுந்தது. வினோதன் குனிந்து வணங்கினான். "குட். அகெய்ன்."

ஒரு மணித்தியாலத்தில் அறுபது தடவை. பயிற்சி முடிந்து மற்றவர்கள் பின்படியால் இறங்கிப் போனபின், வேர்த்து விறுவிறுத்து, மாப்பிள்ளை மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடைவழிக்கு வந்தான் ரஸீன். வாளைத் தரையில் போட்டுவிட்டுத் தண்ணீர்ப் போத்தலை எடுத்தான்.

மக்டலீன் இவ்வளவு நேரமும் வெளியே சுவரோரம் நின்றிருந்தார். சுவரில் கறுப்புச் சட்டத்துக்குள் ஒரு பெரிய புகைப்படம், அதற்குக் கீழே கண்ணாடிப் பெட்டிக்குள் றெமிஜியஸ் எழுதிய ஆறு புத்தகங்கள். மக்டலீன் தரையில் கிடந்த வாளைத் தாண்டி ரஸீனிடம் வந்தார்.

"அக்கா, எட்டுப் பேரையும் வெண்டிட்டன். எட்டும் கறுப்புப் பட்டி. எனக்குள்ளை இப்பிடி ஒருத்தன் இருந்தது எனக்கே தெரியாது."

வாளியை உருட்டிக்கொண்டு வந்த றொய்சன் வாளுக்கு முன்னால் நின்றார். அதைத் தாண்டவில்லை, காலால் தள்ளவுமில்லை. குனிந்து இரண்டு கையாலும் எடுத்து, வெட்டும் பக்கம் தன் பக்கம் வர ஒருதரம் திருப்பி, சுவரில் சாத்திவிட்டுப் போனார். ரஸீன் அதைக் கவனிக்கவில்லை. மக்டலீனின் கண் மட்டும் கொஞ்ச நேரம் அவர் முதுகிலேயே இருந்தது.

"தம்பி வினோதன்" என்றார் மக்டலீன், வாளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தவனிடம். "இவர் வாளைத் தொட்டது இண்டைக்கு. வயித்தைப் பாத்தியளோ? இவரிட்டை நீங்கள் ஏன் தோத்தனீங்கள்?"

"அக்கா!" என்றான் ரஸீன்.

வினோதன் விரலில் துணி சுற்றிக்கொண்டே சிரித்தான். மூன்று நாளைக்குப் பிறகு அவன் சிரித்தது அதுவாகத்தான் இருக்கும். "தோக்கத்தான் வேணும் அன்ரி. அதுதான் கட்டா. ஜூனியர் வெல்லுவார், சீனியர் தோப்பார். அடிக்க வாறது சீனியர், சாகிறதும் சீனியர். அப்பத்தான் ஜூனியருக்குச் சரியாப் பழக்கலாம். எல்லாரும் மாறித்தான் நினைக்கிறவை."

ரஸீன் போத்தலை இறக்கினான். அவன் நெஞ்சில் ஏறியிருந்த காற்று முழுக்கப் போனது. "அப்ப நான் ஒருத்தரையும் வெல்லேல்லையோ?"

"சீனியர் எண்டு எதை வச்சுச் சொல்லுறது?" என்றார் மக்டலீன்.

"சேர்ந்த திகதி. ஒரு நாள் முந்திச் சேர்ந்தாலும் லைஃப் லோங் அவர்தான் சீனியர். படிப்பு, பதவி, ஒண்டும் கணக்கில்லை."

"உங்கடை சேர் உங்களோடை செய்யேக்கை?"

"எப்பவும் தோக்கிற பக்கம். ஐ மீன், பதினாலு வருசம். ஒருநாளும் எங்களோடை வெண்டதில்லை."

மக்டலீன் ரஸீனின் பையிலிருந்து லப்ரொப்பை எடுத்துத் திறந்து வினோதனின் முன் வைத்தார். துர்க்காவின் லோயர் அன்று காலை எட்டு மணிக்குத்தான் அதை அனுப்பியிருந்தார். வாள் பிடிக்கத் தெரிந்த ஒருவர்கூட அதுவரை அதைப் பார்த்திருக்கவில்லை.

"சேர் எது?"

"இரண்டாவது. அந்த இடத்தோள் கொஞ்சம் சரிஞ்சிருக்கு, சேர்தான்." வினோதன் பார்த்துக்கொண்டே போனான். ஐந்தாவது தடவையில் படத்தை நிறுத்தினான். "அன்ரி, சேர் வெல்லுறார். சேர் ஜூனியர் பக்கத்திலை நிக்கிறார். உது துர்க்கா இல்லை. துர்க்காவோடை சேர் அந்தப் பக்கம் நிக்கவேமாட்டார். உது சேரைவிட மூத்த ஆள்."

"கனடாவிலை அப்பிடி ஆர்?"

"ஒருத்தரும் இல்லை. சேர்தான் முதல் ஆள். அவற்றை எல்லாப் புத்தகத்திலையும் அப்பிடித்தான் இருக்கு."

"புத்தகம் கிடக்கட்டும்" என்று சொல்லிவிட்டு மக்டலீன் சுவரிலிருந்த புகைப்படத்துக்குப் போனார். "இதை வாசியும்."

அது, றெமிஜியஸ் ஜப்பானில் வாள் பழகிய இருநூறு வருடப் பள்ளியில் சேர்ந்தவர்களின் பெயர்ச் சுருளைப் பிடித்த படம். ஒவ்வொரு பெயரின் கீழும் சேர்ந்த திகதியும் ஒரு பழுப்புப் புள்ளியும். சேருகிறவர் தன் விரலைக் கீறி இரத்தத்தால் பதிக்கவேண்டும், அதுதான் வழக்கம் என்றான் வினோதன். வலப்பக்கமிருந்து இடப்பக்கம் வாசிக்கவேண்டும். வலக்கரையில், சட்டத்தோடு ஒட்டியபடி, முதலாவதாக நின்றது றெமிஜியஸின் பெயர்.

"இருநூறு வருசப் பள்ளிக்கூடத்துக்கு உவர்தான் முதல் ஆளோ?" என்றார் மக்டலீன். "ரஸீன், கழட்டு."

ரஸீன் சட்டத்தை இறக்கிப் பின்பலகையைப் பேனாக்கத்தியால் நெம்பினான். படத்தின் வலக்கரை ஒரு சாண் அளவுக்கு உள்ளே மடிக்கப்பட்டிருந்தது. வெட்டி எறிய மனம் வராமல் மறைத்துவைத்திருந்தார் அந்தப் பெரிய மனிதர். மடிப்பைப் பிரித்தபோது இன்னும் மூன்று பெயர்கள் வெளியே வந்தன. முதல் இரண்டும் ஜப்பானியப் பெயர்கள். மூன்றாவதை, றெமிஜியஸுக்குச் சரியாக முன்னால் நின்றதை, வினோதன் எழுத்துக் கூட்டி வாசித்தான்.

"றொய்சன். மார்ச் ஏழு. சேர் மார்ச் எட்டு."

வாளிச் சில்லின் சத்தம் நின்றது.

நடைவழியின் கோடியில் றொய்சன் நின்றிருந்தார். மொப்பை வாளிக்குள் வைத்தார். வேலை முடிந்த மனிதர் மாதிரிக் கையைத் துடைத்தார். பிறகு சுவரில் தானே சாத்திவைத்த மரவாளை எடுத்தார்.

"அண்ணை" என்றான் வினோதன். பதினாலு வருடமாகத் தினமும் பார்த்த மனிதர். அவன் ஒரு அடி முன்னால் வைத்தான்.

அடி வந்ததை ரஸீன் காணவில்லை, சத்தத்தைத்தான் கேட்டான். வினோதனின் முன்கை நடுவில் மடிந்தது, மடியக்கூடாத இடத்தில். அவன் கத்துவதற்குள் இரண்டாவது அடி கன்னத்தில் விழுந்து, பல்லும் இரத்தமும் கண்ணாடிப் பெட்டியில் தெறித்தன. அவன் இடுக்கியிருந்த வாள் உருண்டு ரஸீனின் காலடிக்கு வந்தது.

மக்டலீன் வாளியை உதைத்தார். சவர்க்காரத் தண்ணீர் நடைவழி முழுக்கப் பரவியது. நல்ல யோசனைதான், ஆனால் றொய்சன் ஈரத்தரையில் பதினெட்டு வருடம் நடந்தவர். வழுக்கி விழுந்தது ரஸீன். எழும்ப முதல் விலாவில் ஒரு குத்து. உள்ளே எதுவோ முறிந்த சத்தம் அவனுக்கே கேட்டது. மூச்சு உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. அடுத்தது முதுகில், அடுத்தது அதே விலாவில். "யா அல்லாஹ்" என்று கத்தக்கூடக் காற்று இல்லை.

மக்டலீன் பின்னாலிருந்து றொய்சனின் தலைமயிரைப் பிடித்து இழுத்தார். வாளின் பிடி திரும்பி மக்டலீனின் வயிற்றில் இறங்கியது. அவர் சுவரில் மோதி இருந்த இடத்திலேயே சரிந்தார். றொய்சனின் முகத்தில் கோபமே இல்லை. ரஸீனுக்கு அதுதான் எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது. வீட்டில் மூன்று பெண்பிள்ளைகள் நினைவுக்கு வந்தார்கள். இண்டைக்குத்தான் சாவு என்று நினைத்தான். நினைத்துக்கொண்டே கையில் அகப்பட்ட வாளை ஊன்றி எழும்பினான்.

"ரஸீன்!" மக்டலீன் தரையிலிருந்தபடி கத்தினார். "காலமை பழகினதைச் செய்! அது மட்டும்!"

வேறென்ன அவனுக்குத் தெரியும்? வாளைத் தாழ்த்தினான். தலையைத் திறந்து காட்டினான். இனி அடிக்கிறவன் அடிக்கட்டும் என்று நின்றான்.

அதுவரை பக்கவாட்டிலும் குத்தியும் அடித்துக்கொண்டிருந்த றொய்சன், அந்த நிலையைக் கண்டதும் ஒரு கணம் நின்றார். அவர் மனம் என்ன நினைத்ததோ, உடம்பு நினைக்கவில்லை. முப்பது வருடமாக அந்த நிலைக்கு முன்னால் அவர் உடம்பு ஒன்றே ஒன்றைத்தான் செய்திருக்கிறது. வாள் நேராக உயர்ந்தது. நேராக உச்சந்தலைக்கு வந்தது.

ரஸீன் வலப்பக்கம் ஒரு எட்டு வைத்து வெட்டினான். இந்த முறை ஒரு விரல் இடைவெளி விடவில்லை.

மணிக்கட்டு உடைந்தது. வாள் தரையில் விழுந்து சுழன்றது. றொய்சன் முழந்தாளிட்டு, தொங்கின கையை மற்றக் கையால் ஏந்திக்கொண்டு, அந்தக் கையைப் பார்த்தார். பிறகு ரஸீனைப் பார்த்தார்.

"திரும்பவும் தோத்துப்போனன்" என்றார்.

ரஸீன் பொலிஸையும் அம்புலன்சையும் கூப்பிட்டான். மக்டலீன் தன் சால்வையால் வினோதனின் கையைக் கட்டினார். வினோதன் முனகிக்கொண்டு கிடந்தான். அதற்கு நடுவில் றொய்சன் தானாகவே பேசினார், சுவரில் சாய்ந்து, ஒருவரும் கேட்காமல்.

ஜப்பானில் கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் இருவரும் ஒரே அறைக்காரர்கள். வாட்பள்ளியைக் கண்டுபிடித்தது றொய்சன். அடுத்த நாள் றெமிஜியஸைக் கூட்டிக்கொண்டு போனதும் அவர்தான். றெமிஜியஸ் நாலு வருடத்தில் கனடாவுக்குப் படிக்க வந்தார். றொய்சன் அங்கேயே இருந்து பள்ளியின் எல்லாக் கட்டாவையும் கற்று முடித்தபின் வந்தார். கிளீனர் வேலையை எடுத்துக் கொடுத்தது றெமிஜியஸ். பதிலுக்கு, செவ்வாய்க்கிழமைதோறும் வேலை முடிய, ஒரு கட்டா.

"நான் காட்டுவன். அவன் எழுதுவான். மூத்தவன் நான், அப்ப நான்தான் தோக்கவேணும். பதினெட்டு வருசம் தோத்துக் குடுத்தன். செவ்வாய்க்கிழமை கடைசிக் கட்டா. இனி என்னட்டை ஒண்டும் மிச்சமில்லை. புதுப் புத்தகத்திலை ஒரு வரி என்ரை பேரைப் போடு எண்டு கேட்டன். தரை துடைக்கிறவனிட்டைப் படிச்சவன் எண்டு உலகம் சிரிக்கும் எண்டான். சொல்லிப்போட்டு முதுகைக் காட்டிக்கொண்டு போறான்."

"முதல் அடி அதுக்கு" என்றார் மக்டலீன். "மிச்ச ஆறும்?"

றொய்சன் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தார். வினோதனின் இரத்தம் வழிந்த கண்ணாடிக்குப் பின்னால் ஆறு புத்தகங்கள் வரிசையாக நின்றன. "ஒண்டுக்கு ஒண்டு."

ரஸீனுக்கு அந்த மனிதரில் இரக்கம் வந்தது. விலாவைப் பொத்திக்கொண்டிருந்த நேரத்திலும் வந்தது. மக்டலீனுக்கு வரவில்லை. அவர் சுவரைப் பிடித்து எழும்பி, றொய்சனுக்கு முன்னால் வந்து நின்றார்.

"துர்க்காவின்ரை வாளை ஏன் எடுத்தனீர்?"

"கையிலை வந்தது அதுதான். அவளை விட்டிடுவாங்கள் எண்டு நினைச்சன்."

"மூண்டு நாளா அவளின்ரை பேர் எல்லாப் பேப்பரிலையும் இருக்கு. கொலைகாரி எண்டு. நீர் இந்தத் தரையைத் துடைச்சுக்கொண்டு பேசாமல் இருந்தனீர். உம்மடை பேரை மறைச்சவன் எண்டு அவனைச் சாகடிச்சனீர். நீர் செய்ததுக்கு அந்தப் பிள்ளையின்ரை பேரைப் போட விட்டனீரே, அதுக்கு உமக்கு எத்தினை அடி போடுறது?"

றொய்சனின் தலை மெல்லக் கீழே போனது. அதற்குப் பிறகு அவர் அந்தக் கண்ணாடிப் பெட்டியின் பக்கம் திரும்பவே இல்லை.

பதினொன்று நாற்பதுக்குப் பொலிஸ் வந்தது. இளம் பொலிஸ்காரி ஒருத்தி குறிப்புப் புத்தகத்தை விரித்துக்கொண்டு பெயரைக் கேட்டாள். அவர் சொன்னார். அவளுக்குப் பிடிபடவில்லை, எழுத்தெழுத்தாகக் கேட்டாள். எழுத்தெழுத்தாகச் சொன்னார். அவள் எழுதி முடித்து, சரியா என்று புத்தகத்தைத் திருப்பிக் காட்டினாள். றொய்சன் அதை நெடுநேரம் பார்த்துவிட்டு, ஓம் என்று தலையாட்டினார்.

மக்டலீன் ரெலிபோனில் முதலில் லோயரை எடுத்தார், பிறகு ரதியை.

"பிள்ளை வருவாளோ அக்கா?"

"இண்டைக்கே வருவாள். சோறு ஆக்கி வையும்."

"பேப்பரிலை போட்ட பேரை எடுப்பினமோ?"

மக்டலீன் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். "எடுக்கிறது கஷ்டம் ரதி. ஆனா அதுக்குப் பக்கத்திலை, இவள் செய்யேல்லை எண்டு போடவைப்பன். அதை விடமாட்டன்."

அம்புலன்ஸ்காரன் ரஸீனைப் படுக்கச் சொன்னான். ரஸீன் நடந்தே வருவேன் என்று அடம்பிடித்தான்.

"அக்கா, ஒண்டு மட்டும் சொல்லுங்கோ. அந்தக் கடைசி வெட்டு, அது நான் வெண்டதுதானே?"

"நட" என்றார் மக்டலீன்.

வழியில் அந்த மரவாள் இன்னும் ஈரத்தில் கிடந்தது. பொலிஸ்காரர்கள் அதைத் தாண்டித் தாண்டிப் போய்வந்துகொண்டிருந்தார்கள். ரஸீன் விலாவைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு எட்டுக்கும் முகத்தைச் சுளித்துக்கொண்டு, அதைச் சுற்றி நடந்தான்.